எழுபது, எண்பது, அப்புறம்? கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆயுள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து ஆட்களுக்கு எழுபது, எண்பது என்றாலே சாந்திதான் நினைவுக்கு வரும். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பது தாண்டினால் சதாபிஷேகம். மலேசியாவில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்க, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் இரண்டு நாளைக்குப் பந்தி ஓயாது. பைபிளும் ஆயுளைப் பற்றிப் பேசும்போது இதே இரண்டு எண்களைத்தான் சொல்கிறது. பைபிளின் பாட்டுத் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் 90ஆம் சங்கீதம், 10ஆவது வசனம்: "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும், அதின் மேன்மையானது வருத்தமும் சஞ்சலமுமே; அது சீக்கிரமாய்க் கடந்துபோகிறது, நாங்களும் பறந்துபோகிறோம்." மோசேயின் ஜெபம் என்று தலைப்புப் போட்டே இந்தச் சங்கீதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். (அந்த மோசே 120 வயது வரை இருந்தார், சாகும்போதும் அவர் கண் மங்கவில்லை என்கிறது உபாகமம். ஆதியாகமத்தில் மெத்தூசலா என்று ஒருவருக்கு 969 வருஷம். அதைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய வாதாடுகிறவர்கள் உண்டு, இங்கே அது வேண்டாம்.)

எண் ஒன்றுதான், தொனி வேறு. சாந்தியில் அந்த வயதை எட்டியதற்கு நன்றி இருக்கும், இன்னும் ஆயுள் வேண்டும் என்ற வேண்டுதலும் இருக்கும். சங்கீதமோ, எண்பதையே எட்டினாலும் அதில் பெரும்பகுதி வருத்தம்தான், சீக்கிரம் பறந்துவிடுகிறோம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு, கிறிஸ்தவம் கொஞ்சம் சோகமான மதம் என்று சிலர் முடிவுகட்டி விடுகிறார்கள். சாவு வீட்டில் பாட்டு, கோபுரத்தின் மேல் சிலுவை, வருஷத்தில் ஒருநாள் நெற்றியில் சாம்பல், போதாதா! ஆனால் விஷயம் அப்படி இல்லை. வாழ்க்கை குறுகியது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிற அதே நம்பிக்கை, அந்தக் கொஞ்ச நாட்களை உதறிவிடச் சொல்வதும் இல்லை, அனுபவித்துத் தீர்த்துவிடச் சொல்வதும் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அதே சங்கீதத்தில் இரண்டு வசனம் தள்ளி ஒரு வேண்டுதல் வருகிறது: "நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்." நாட்களை எண்ணுவது என்றால் இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் போடுவது அல்ல. ஜாதகத்தை விரித்து எட்டாம் இடத்தைப் பார்த்து ஆயுள் எவ்வளவு என்று கேட்கிற பழக்கம் நம் ஊரில் சாதாரணம், கிறிஸ்தவர்களில்கூடச் சிலர் வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள், ஆனால் பைபிள் அந்தக் கதவை முழுதாகவே சாத்திவிடுகிறது. பாக்கி எத்தனை என்பது கடவுளுக்கு மட்டும் தெரிந்தது. மனிதன் கற்றுக்கொள்ள வேண்டியது, நாட்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது தன் கையில் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு நடந்துகொள்வது. அவ்வளவுதான். கேட்க எளிது.

குறுகிய ஆயுளுக்கு பைபிள் சொல்கிற உவமைகள் நிறைய. புல் என்கிறது, வயல்வெளிப் பூ என்கிறது, சொல்லி முடித்த கதை என்கிறது. 39ஆம் சங்கீதத்தில் தாவீது, "என் நாட்களை நாலு விரற்கடையளவாக்கினீர்" என்கிறார், அதாவது கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரலையும் சேர்த்து வைத்தால் வருகிற அகலம். ஐப்பசி மழைக்குப் பச்சைப் பசேலென்று கிளம்பி, பங்குனி வெயிலில் இருந்த இடமே தெரியாமல் போகிற நம் பொட்டல் காட்டுப் புல்லைப் பார்த்தவர்களுக்கு இதற்கெல்லாம் உரை தேவையில்லை.

ஆனால் ஓர் உவமையில் மட்டும் நின்று போக வேண்டும், ஏனென்றால் அது வியாபாரிகளைப் பார்த்துச் சொன்னது. யாக்கோபு எழுதிய நிருபம் (கடிதம்), நாலாம் அதிகாரம். "நாங்கள் இன்ன பட்டணத்திற்குப் போய், அங்கே ஒரு வருஷம் தங்கி, வியாபாரஞ்செய்து, சம்பாத்தியம்பண்ணுவோம்" என்று திட்டம் போடுகிறவர்களே, கேளுங்கள் என்று ஆரம்பிக்கிறார். நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே, உங்கள் உயிர் கொஞ்ச நேரம் தோன்றி மறைகிற புகைதானே என்று அடுத்து வருகிறது. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலோரத்து வியாபாரிகளை மனதில் வைத்து எழுதிய வரி, கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டிக்கடை நடத்தப் போன நகரத்தார் (செட்டியார்) வம்சத்து ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது நமக்கே எழுதியது போல இருக்கிறது. இங்கே ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷக் கணக்கு. ரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு என்று போய், மூன்று வருஷம் தங்கி, கணக்கை முடித்து ஊர் திரும்பி, மறுபடி கப்பல் ஏறினார்கள்.

யாக்கோபு சொன்ன "நாளைக்கு" பர்மாவில் எப்படி வந்தது என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகக் கேட்ட கதைதான். 1930இல் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலங்கள் வேண்டியும் வேண்டாமலும் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் பேரில் இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது, அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. கிடைத்த கப்பலில் ஏறியவர்கள் போக, மற்றவர்கள் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்கள் உண்டு. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த நிலங்களையும் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. வட்டிக்கு விட்டார்கள், அதனால் தண்டனை என்று ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியார் இதை வைத்துப் பேசினால், அவர் பைபிளைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இதே மாதிரி ஒரு கேள்வி இயேசுவுக்கு முன்னால் வருகிறது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் ஊரில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். சீக்கிரம் செத்தவன் பாவி, நூறு வயது வாழ்ந்தவன் புண்ணியவான் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அந்த 18 பேரைப் பற்றி வம்பு பேசுகிறதை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புங்கள், மனம் திரும்புங்கள் என்பதுதான் அவர் சொன்னது. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய், "நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ" என்று முணுமுணுக்கிற ஆட்களுக்கு இந்த ஐந்து வசனத்தை எழுதிக் கையில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

யாக்கோபும் வியாபாரத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னது செய்வோம் என்று சொல்லுங்கள் என்கிறார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட "தேவ சித்தத்தின்படி" என்று அடிப்பது இந்த வழக்கத்தில் இருந்துதான். அது வெறும் சம்பிரதாயமாகிப் போனதும் உண்மை, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய அப்புறம் சித்தத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒரு பாகப்பிரிவினையில் இருந்து பிறந்த கதை

செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி நிலையாமையைப் பிரசங்கம் செய்வது சுலபம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பின்வாசல் அடுத்த தெருவில், உள்ளே இருப்பதோ ஒரு காவல்காரர். "பார்த்தீர்களா, எல்லாம் மாயை!" என்று கைதட்டல் வாங்கிவிடலாம். எனக்கு அது மலிவான வேலையாகப் படுகிறது. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஊருக்கு ஊருணி வெட்டினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். பெரிய வீடு கட்டுவதே பாவம் என்று பைபிளும் சொல்லவில்லை.

லூக்கா 12இல் இருக்கிற கதை இன்னும் கூர்மையானது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "போதகரே, ஆஸ்தியைப் பாகம் பிரித்து என் பங்கைக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும்" என்று கேட்கிறான். அப்பட்டமான பங்காளித் தகராறு. என்னை உங்களுக்குப் பாகம் பிரிக்கிறவனாக வைத்தது யார் என்று கேட்டுவிட்டு, இயேசு ஒரு பணக்கார விவசாயியின் கதையைச் சொல்கிறார். அவன் நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன், தானியத்தை எல்லாம் அங்கே சேர்ப்பேன், அப்புறம் என் ஆத்துமாவிடம், "அநேக வருஷங்களுக்கு உனக்குச் சேர்த்தாயிற்று, சாப்பிடு, குடி, சந்தோஷமாயிரு" என்று சொல்வேன் என்று யோசிக்கிறான். அந்த ராத்திரியே கடவுள், "மதிகேடனே, உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து இந்த இராத்திரியிலே எடுத்துக்கொள்ளப்படும், அப்பொழுது நீ சேகரித்தவைகள் யாருடையதாகும்?" என்கிறார்.

கதை முழுக்க அவன் வேறு யாரிடமும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். என் களஞ்சியம், என் விளைச்சல், என் பொருள், என் ஆத்துமா. மனைவி இல்லை, வேலைக்காரன் இல்லை, பக்கத்து வயல்காரன் இல்லை. அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை, விளைந்ததைச் சேர்த்தான், அவ்வளவுதான். அவன் போட்ட கணக்கில் "அநேக வருஷங்கள்" என்ற ஒரு வரி மட்டும் அவனுடையது அல்ல, அதையும் தன் சொத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டான். கடைசிக் கேள்வியும் பங்குக் கேள்விதான்: யாருடையதாகும்? ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி (கல்யாணமான குடும்பம்) பங்கு என்று பேசி முடியாமல் கூரையில் இருந்து தண்ணீர் ஒழுகுகிற வளவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கதவு நிலை, மரப்பாச்சி, இவற்றோடு சில கடைகளில் சட்டம் போட்ட பழைய குடும்பப் படங்களும் விலைக்குக் கிடைக்கும். ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து நிறைய நகையோடு விறைப்பாகப் பார்க்கிற முகங்கள். யார், எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கு அது தேவையும் இல்லை, ஓட்டல் சுவரில் மாட்டப் போகிறார். 103ஆம் சங்கீதம் வயல்வெளிப் பூவைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அது இருந்த இடமும் இனி அதை அறியாது" என்று முடிக்கிறது. சாவைவிட இது எனக்கு உறைத்த வரி. சாவதைக்கூட ஒருமாதிரி ஏற்றுக்கொள்ளலாம், மறக்கப்படுவதுதான் கஷ்டம். ஆனால் அந்தச் சங்கீதம் அடுத்த வசனத்திலேயே, கர்த்தருடைய கிருபை தமக்குப் பயந்தவர்கள்மேல் அநாதியாய் என்றென்றைக்கும் இருக்கிறது என்று திரும்புகிறது. இடம் மறந்தாலும் மறக்காத ஒருவர் இருக்கிறார் என்பது அதன் நிலைப்பாடு. கிறிஸ்தவனுக்குத் தன் பேர் நிலைக்க வேண்டுமே என்ற பதற்றம் இதனால் குறைய வேண்டும். குறைகிறதா என்பது அவரவரைப் பொறுத்தது, ஒரு டியூப்லைட்டைக் கோயிலுக்குக் கொடுத்தாலும் உபயம் என்று பேர் எழுதி மாட்டுகிற வழக்கம் சர்ச்சிலும் உண்டு!

ஆச்சியின் கேள்வி

நிலையாமை தமிழனுக்குப் புதிதல்ல. நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதும், காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்பதும் நாம் பால்குடியிலேயே கேட்டவை. அப்படியிருக்க, கிறிஸ்தவம் இதில் வேறாக என்ன சொல்கிறது? எங்கள் தெருவில் ஓர் ஆச்சி கேட்ட கேள்வியில் இருந்து தொடங்கலாம். "ஏப்பா, உங்க வேதத்துல மறுபிறவி கிடையாதாமே, அப்ப பாக்கிக் கணக்கை எங்க தீர்க்கிறது?" வட்டிக் கணக்குப் பார்த்த குடும்பத்து ஆச்சி, சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள்.

ஆம், கிடையாது. எபிரெயர் நிருபம் ஒன்பதாம் அதிகாரம், ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் மனிதருக்கு வைக்கப்பட்டது என்கிறது. ஏழு பிறவி என்று சொல்லும்போது இந்தப் பிறவியின் பாரம் கொஞ்சம் பகிர்ந்து போகிறது, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு மூச்சு இருக்கிறது. ஒரே பிறவி என்றால் அது இல்லை. எண்பது வருஷமோ எட்டு வருஷமோ, இதற்குள்தான் எல்லாம். அப்படியானால் பாக்கியை யார் தீர்ப்பது? நீங்கள் தீர்க்க முடியாது என்பதுதான் கிறிஸ்தவத்தின் பதில், ஏழு பிறவி கொடுத்தாலும் முடியாது. கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலர் பவுல், நமக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தை இயேசு எடுத்துச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறார். கடன்பட்டவன் அல்ல, கடன் கொடுத்தவரே கட்டித் தீர்த்துவிட்டார். இதை ஆச்சியிடம் சொன்னபோது, "அப்படி யாராச்சும் தீர்ப்பாகளா?" என்று சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. இது நடைமுறைக்கு ஒவ்வாத காரியம்தான், அதனால்தான் அதைக் கிருபை என்கிறார்கள்.

இரண்டாவது வேறுபாடு உடம்பைப் பற்றியது. உடம்பு ஒரு கூண்டு, ஆத்மா அதில் இருந்து பறந்தால் விடுதலை என்றுதான் கிறிஸ்தவமும் சொல்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், கிறிஸ்தவர்களில் பாதிப் பேரே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் (சபையின் நம்பிக்கை அறிக்கை) ஞாயிறுதோறும் சொல்வது சரீர உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதப்பட்டது, உடம்பை விதைக்கு ஒப்பிட்டு, அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்கிறது. தூக்கி எறியப்படுகிற ஒன்றை யாரும் விதைப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைப்பதை வழக்கமாக வைத்திருந்ததற்கும் இந்த எண்ணம் ஒரு காரணம். (எரிப்பதும் தவறில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்துவிட்டது. எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாதா என்ன!)

இயேசுவின் வாழ்க்கையே நீளமானதல்ல. ஊழியம் ஆரம்பிக்கும்போது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார், அதில் இருந்து மூன்று வருஷம் போல. சதாபிஷேகம் இருக்கட்டும், நாற்பதையே பார்க்கவில்லை. கடவுள் மனிதனாக வந்தார் என்று நம்புகிறவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல, வந்தவர் நீண்ட ஆயுளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், வாழ்க்கையின் நிறைவு அதன் நீளத்தில் இல்லை என்றாகிறது. நம் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர். லிஸ்பனில் 1647இல் பிறந்த சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோதான் அவர், சாகும்போது வயது 45. மறவர் சீமைக்கு வராதே என்று முன்னமே ஒருமுறை விரட்டப்பட்டவர், போர்ச்சுகலுக்குப் போனவர், அங்கேயே இருந்திருந்தால் எழுபதைப் பார்த்திருக்கலாம். திரும்பி வந்தார். 1947இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள், தேவகோட்டையில் அவர் பேரில் பள்ளி இருக்கிறது, ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்துப் போகிறார்கள். மண்ணில் என்ன இருக்கிறது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

கணக்குக் கேட்கிற நாள்

சரி, குறுகிய நாட்களில் என்னதான் செய்ய வேண்டும்? மத்தேயு 25இல் தாலந்து உவமை. ஓர் எஜமான் வெளியூர் போகும்போது மூன்று வேலைக்காரர்களிடம் பணத்தைக் கொடுக்கிறார், ஒருவனுக்கு ஐந்து தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய தொகை), ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. வெகுகாலம் கழித்து வந்து கணக்குக் கேட்கிறார். இதை நம் ஊர்ப் பாணியில் புரிந்துகொள்ள ரங்கூன் கடைக்குப் போன ஏஜெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூலதனம் முதலாளியுடையது, கடை முதலாளி பேரில், காலம் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குள் அவர் முழு அதிகாரத்தோடு கொடுக்கலாம், வாங்கலாம், முடிவெடுக்கலாம், ஆனால் கெடு முடிந்ததும் ஐந்தொகையோடு (வரவு செலவு முடித்த கணக்கு) ஊர் வந்து நிற்க வேண்டும். அங்கே அவர் மூன்று வருஷம்தானே இருக்கப் போகிறோம் என்று கல்லாவை அனுபவித்தால் அது மோசடி, மூன்று வருஷம்தானே என்று கடையைத் திறக்காமல் படுத்திருந்தாலும் மோசடிதான்.

உவமையில் மாட்டிக்கொண்டவன் இரண்டாவது ரகம். ஒரு தாலந்து வாங்கியவன் பயந்துபோய் அதை மண்ணில் புதைத்து வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஒரு காசு குறையவில்லை. எஜமான் என்ன சொன்னார் தெரியுமா? காசுக்காரரிடம் போட்டு வைத்திருந்தால்கூட வட்டியோடு வாங்கியிருப்பேனே என்றார். இதைச் செட்டிநாட்டில் படித்தால் யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. கொடுத்த காலத்தையும் திறமையையும் பத்திரமாகப் புதைத்து வைப்பதும் இழப்புத்தான் என்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதே இல்லை. முதலில் பார்த்த 90ஆம் சங்கீதம்கூட இப்படித்தான் முடிகிறது, பறந்துபோகிறோம் என்று புலம்பியவர் கடைசி வசனத்தில், எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும் என்று இரண்டு தடவை கேட்கிறார்.

சாப்பிட்டுக் குடித்து அனுபவிப்போம், நாளைக்குச் சாவோம் என்ற தத்துவத்தைப் பவுலும் எடுத்துச் சொல்கிறார், ஆனால் மரித்தோர் எழுந்திருப்பதில்லை என்றால் அப்படித்தான் வாழ வேண்டியிருக்கும் என்று காட்டுவதற்காக. எதிர்ப்பக்கத் தவறும் அப்போதே இருந்தது. தெசலோனிக்கேயில் சிலர், ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார் என்று சொல்லி வேலைவெட்டியை விட்டுவிட்டு ஊர்வம்பு பேசிக்கொண்டு திரிந்தார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று அவர்களுக்குத்தான் எழுதினார். ஆகவே விசுவாசம் இருந்தால் எல்.ஐ.சி. எடுக்கக் கூடாது, உயில் எழுதக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆயுள் குறுகியது என்பது பைபிளில் அன்றாட விஷயங்களுக்குள் இறங்குகிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். இன்றைக்கு வேலை செய்தவன் இன்றைக்குச் சாப்பிட வேண்டும், உனக்கும் நாளை நிச்சயம் இல்லை. எபேசியர் நிருபம், பொழுது சாய்வதற்குள் கோபம் தணியட்டும் என்கிறது. ஒரே வளவில் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிகளை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு வசனத்தைச் செய்து முடிக்கவே எண்பது வருஷம் போதாது.

சபைகள் இதை வருஷத்தில் சில நாட்களை வைத்து நினைவுபடுத்துகின்றன. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று குருவானவர் சொல்வார், அல்லது மனம் மாறி நற்செய்தியை நம்பு என்பார். போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்து, இறந்தவர்களின் ஆன்மாவுக்காக ஜெபிப்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைகளில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் பொதுவாக இல்லை, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைதான் அவர்களுக்கு நாட்களை எண்ணுகிற நேரம்.

கிறிஸ்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டும் ஜெபமும் நடக்கும்போது சும்மா நின்றால் போதும். கல்லறையில் பெட்டியை இறக்கியதும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போடுவார்கள், நீங்களும் போடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அழுகை இருக்கும். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்பதெல்லாம் கிடையாது, செத்துப்போன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து உட்கார்ந்திருந்தபோது, மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் ஏழு ராத்திரி அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதிகாரம் அதிகாரமாக அந்த வாக்குவாதம் போகிறது. கடைசி அதிகாரத்தில் கடவுள் அவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் பேசியது சரியில்லை, போய் யோபுவை உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார்.